கித்தாவும் கிட்டங்கியும்: வழக்குச்சொல் அகரமுதலிகள் சொல்லும் வரலாறு



ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பு நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி இக்கட்டுரையைத் தொடங்குகிறேன். அப்பொழுது ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குத் தமிழ்மொழி கற்பித்து வந்தேன். ‘என் பாட்டி’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவி தன் பாட்டியைப் பற்றி இவ்வாறு எழுதியிருந்தாள்: பாட்டி இளவயதில் விடியுமுன்னே பெரட்டுக்குப் போவாராம்; காண்டா தூக்கிக் கித்தாப் பால் சுமந்து வருவாராம்; வீட்டுக்கு வந்து பசியாற நேரமே இருக்காதாம்.

நான் சிவப்பு மை எடுத்தேன். ‘பெரட்டு’, ‘காண்டா’, ‘கித்தா’ ஆகிய மூன்றையும் வட்டமிட்டேன். ஓரத்தில் ‘பேச்சுவழக்கைத் தவிர்க்கவும்’ என்று எழுதினேன். ‘கித்தா’ என்பதற்கு மேலே ‘ரப்பர்’ என்று திருத்தமும் போட்டேன். மறுநாள் அந்த மாணவி என் மேசைக்கு வந்து, “ஐயா, ரப்பர் தமிழ்ச் சொல்லா?” என்று கேட்டாள். “எல்லாரும் ஏற்றுக்கொண்ட சொல்” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவள் கேட்டது வேறு. நான் சொன்ன மறுமொழி வேறு.

அடுத்த வாரம் அவளுடைய தந்தையார் பள்ளிக்கு வந்தார். சினமாக வரவில்லை. தயங்கித் தயங்கித்தான் பேசினார். “எங்கம்மா அந்தக் கட்டுரையைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க, ஐயா. செவப்பு வட்டம் போட்ட எடத்துல என்ன தப்புன்னு கேட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல.”

எனக்கும் சொல்லத் தெரியவில்லை. அக்காலத்தில் யு.பி.எஸ்.ஆர். தேர்வு இருந்தது, 2021இல்தான் அது நீக்கப்பட்டது. தேர்வில் பேச்சுவழக்குச் சொல் புள்ளிகளைக் குறைத்துவிடும் என்று ஏதோ விளக்கம் சொன்னேன். அது பொய்யன்று. ஆனால் முதிய தாயொருவர் தம் உழைப்பைச் சொன்ன சொற்களின்மேல் நான் வட்டமிட்டதற்கு அது மறுமொழி ஆகவில்லை. அன்று தொடங்கிய தேடலின் பயனே இக்கட்டுரை. பேச்சுவழக்குச் சொற்களுக்கு யார் யார் பொருள் எழுதினார்கள்? எப்படி எழுதினார்கள்? அந்தப் பொருள்கள் யாரை உயர்த்தின, யாரைத் தாழ்த்தின? இவற்றைச் சற்றே பார்ப்போம்.

அகரமுதலியில் கோபம்

அகரமுதலி என்றால் நடுநிலையானது என்று நாம் மாணவர்களுக்குச் சொல்லித் தருகிறோம். ஆனால் ஆங்கில மொழியின் பெரும்புகழ் பெற்ற அகரமுதலி அப்படிப்பட்டதன்று. சாமுவேல் ஜான்சன் 1755இல் இலண்டனில் வெளியிட்ட இரண்டு தொகுதிகளில் 42,000க்கும் மேற்பட்ட சொற்கள் உள்ளன. பெரும்பாலானவற்றுக்குத் திட்பமான விளக்கங்கள் இருக்கின்றன. ஆயினும் இடையிடையே ஆசிரியரின் கோபமும் குறும்பும் தலைகாட்டும். ஓட்ஸ் என்னும் தானியத்துக்குப் பொருள் எழுதும்போது, இங்கிலாந்தில் அது குதிரைக்குத் தீனி, ஸ்காட்லாந்தில் அது மனிதருக்கு உணவு என்னும் கருத்தில் எழுதி அண்டை நாட்டாரைச் சீண்டினார். அகரமுதலி தொகுப்பவரைத் தீங்கற்ற அடிமட்ட உழைப்பாளி என்று சொல்லித் தம்மையே கேலி செய்துகொண்டார்.

கலால் வரியை வெறுக்கத்தக்க வரி என்று எழுதியதால் வரித்துறை ஆணையர்கள் வெகுண்டார்கள். வழக்குப் போடலாமா என்று அரசின் தலைமை வழக்கறிஞரிடம் கருத்துக் கேட்டார்கள். அது அவதூறுதான் என்று கருதிய அவர், வழக்கு வேண்டாம் என்றே அறிவுரை கூறினார். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அரசு தரும் உதவித்தொகையை, நாட்டுக்கு இரண்டகம் செய்யும் கூலியாளுக்குக் கொடுக்கும் பணம் என்னும் கருத்தில் ஜான்சன் விளக்கியிருந்தார். 1762இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் ஆண்டுக்கு 300 பவுன் உதவித்தொகை வழங்கியபோது அதே ஜான்சன் அதனைப் பெற்றுக்கொள்ள நேர்ந்தது! தாம் எழுதிய பொருள் தம்மையே சுடும் என்று அவர் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

இலண்டன் தெருவிலிருந்து நம் தட்டுக்கு

ஜான்சன் நூல்களிலிருந்து சொற்களைத் திரட்டினார். பிரான்சிஸ் குரோஸ் என்பவரோ தெருவிலிருந்து திரட்டினார். முன்னாள் படைவீரர், பழம்பொருள் ஆய்வாளர், பருத்த உடலினர். இரவு நேரங்களில் உதவியாளர் ஒருவரோடு இலண்டனின் கள்ளுக்கடைகளிலும் சந்துகளிலும் சுற்றி, திருடர்களும் படைவீரர்களும் மாலுமிகளும் பேசிய சொற்களைக் குறித்துக்கொண்டார். அவற்றைத் தொகுத்து 1785இல் கொச்சைமொழி அகரமுதலி ஒன்றை வெளியிட்டார். உயர்ந்தோர் வாயால் சொல்லக் கூசும் சொற்களே அந்நூலின் செல்வம்.

அதற்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. வேளை தவறி உண்பதையும் குடிப்பதையும் குறித்த ‘டிஃபிங்’ என்னும் கொச்சைச் சொல்லைக் குரோஸ் பதிவு செய்திருக்கிறார். இந்தியாவுக்குச் சென்ற ஆங்கிலேயர் தங்கள் பகலுணவுக்கு வழங்கிய ‘டிஃபின்’ என்னும் பெயர் அதிலிருந்தே வந்தது என்பது சொல்லாராய்ச்சியாளர் கருத்து. அதுவே தமிழில் ‘டிபன்’ ஆயிற்று.

இப்போது எண்ணிப் பாருங்கள். இலண்டன் கள்ளுக்கடையில் பிறந்த சொல் ‘டிபன்’. அது நாகரிகச் சொல்லாம். நம் நாட்டுத் தமிழர் காலையுணவுக்கு வழங்கும் ‘பசியாறல்’ பழுதற்ற தமிழ்ச் சொல். அதனைச் சொல்ல நம் பிள்ளைகளில் சிலர் கூச்சப்படுகிறார்கள். ஒரு சொல் உயர்ந்ததா தாழ்ந்ததா என்பது அதன் பிறப்பைப் பொறுத்ததன்று. யார் வாயில் அது வாழ்கிறது என்பதைப் பொறுத்ததாகிவிட்டது.

ஆப்சன் ஜாப்சன்

இவ்வகை நூல்களுள் தமிழாசிரியர் அனைவரும் அறிய வேண்டியது 1886இல் இலண்டனில் வெளிவந்த ‘ஆப்சன் ஜாப்சன்’. இந்தியாவிலும் கீழைநாடுகளிலும் வாழ்ந்த ஆங்கிலேயர் தம் பேச்சில் கலந்து வழங்கிய சொற்களுக்கான களஞ்சியம் இது. தொகுத்தவர்கள் இருவர். ஒருவர் ஹென்றி யூல். வங்காளப் பொறியியல் படையில் பணியாற்றியவர். மார்க்கோ போலோவின் பயணநூலை ஆங்கிலத்தில் பெயர்த்து 1871இல் வெளியிட்டவர். மற்றவர் ஆர்தர் பர்னல். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் நடுவராக இருந்தவர். தஞ்சை அரண்மனையிலுள்ள வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தொகுத்தவர். தென்னிந்திய எழுத்தியல் பற்றி 1874இல் நூல் எழுதியவர். பர்னல் 1882இல் காலமானார். யூல் தனித்து நின்று நூலை முடித்தார். வில்லியம் குரூக் திருத்திய இரண்டாம் பதிப்பு 1903இல் வந்தது.

நூலின் பெயரே ஒரு கதை. முஹர்ரம் ஊர்வலத்தில் இசுலாமியர் மார்பில் அறைந்துகொண்டு “யா ஹசன், யா ஹுசைன்” என்று துயரக் குரல் எழுப்புவர். அக்குரல் ஆங்கிலேயப் படைவீரர் காதில் ‘ஆப்சன் ஜாப்சன்’ என்று விழுந்தது. அயற்சொல் எவ்வாறு திரிகிறது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு என்று கருதி யூல் அதனையே நூற்பெயராக வைத்தார். எடுத்துக்காட்டு பொருத்தமானதுதான். ஆனால் ஒரு மக்களின் ஒப்பாரி இன்னொரு மக்களுக்கு வேடிக்கைப் பெயராகிவிட்டது. இந்நூலின் சிறப்பும் குறையும் அப்பெயரிலேயே அடங்கியிருக்கின்றன என்பது என் கருத்து.

சிறப்பு என்ன? பொருளைச் சொல்லிவிட்டு நிறுத்தாமல், அச்சொல் எந்தெந்த நூற்றாண்டில், எந்தெந்தப் பயணியின் எழுத்தில் வந்தது என்று வரிசைப்படுத்திக் காட்டும். நடுவே யூல் தம் கருத்தையும் கதையையும் நுழைப்பார். கறி, சுருட்டு, கட்டுமரம், கஞ்சி, மிளகுத்தண்ணீர் ஆகிய நம் சொற்கள் ஆங்கிலக் கோலத்தில் அங்கே வீற்றிருக்கின்றன. ‘கணக்கப்பிள்ளை’ என்னும் சொல் அடையாளமே தெரியாதபடி ‘கோனிகோபொலி’ என்று உருமாறி நிற்கிறது!

யூலின் கருத்துகள் எல்லாம் சரியானவையல்ல. எதைப் பற்றியும் துளியும் கவலையில்லை என்பதற்கு ஆங்கிலேயர் ‘டாம்’ என்றொரு சொல்லைச் சேர்த்துச் சொல்வர். அது ‘தாம்’ என்னும் மொகலாயர் காலச் செப்புக்காசிலிருந்து வந்திருக்கலாம் என்று அவர் எண்ணினார். சுவையான விளக்கம், ஆனால் பிற்கால ஆய்வாளர் அதனை ஏற்கவில்லை. கதை அழகாக இருப்பதாலேயே சொற்பிறப்பு உண்மையாகிவிடாது. இதனை நாம் மாணவர்க்கு மட்டுமன்று, நமக்கும் சொல்லிக்கொள்ள வேண்டும்.

நம் மண்ணின் சொற்கள்

ஆப்சன் ஜாப்சனில் மலாய் மண்ணின் சொற்களும் உள்ளன. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ‘காம்பவுண்டு’. வீட்டைச் சூழ்ந்த வளாகம் என்னும் பொருளில் இந்திய ஆங்கிலத்தில் வழங்கிய சொல். இது ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லின் திரிபு என்று நெடிய சான்றுகளோடு அந்நூல் நிறுவுகிறது. இன்றும் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து அதுவே. மலேசியத் தமிழர் அதே மலாய்ச் சொல்லை நேராகப் பெற்றுக் ‘கம்பம்’ ஆக்கிக்கொண்டோம். கம்பத்து வீடு, கம்பத்துக் கோழி என்கிறோம். தமிழ்நாட்டாரோ ஆங்கிலேயர் வழியாகப் பெற்றுக் ‘காம்பவுண்டுச் சுவர்’ என்கிறார்கள். ஒரே சொல் இரண்டு வழிகளில் தமிழுக்குள் நுழைந்தது. ஒன்றை நாம் ‘கொச்சை’ என்கிறோம். மற்றொன்றைக் ‘கலைச்சொல்’ போல ஏற்கிறோம்.

இரண்டாவது, ‘கோடவுன்’. பண்டகசாலையைக் குறிப்பது. மலாயில் ‘குடாங்’; தெலுங்கில் ‘கிட்டங்கி’; தமிழில் ‘கிடங்கு’. மலாய்ச் சொல்லே தென்னிந்தியாவிலிருந்து போயிருக்கலாம் என்று யூல் கருதினார். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கட்டடங்களுக்குக் ‘கிட்டங்கி’ என்றே பெயர். ஒரே கூடத்தில் பலரும் வரிசையாகப் பெட்டியடி போட்டு அமர்ந்திருப்பர். ஆங்கிலேயனுக்குச் சரக்கு அடுக்கும் இடமாக இருந்த சொல், நம்மவர்க்குக் கணக்கும் கடனும் நாணயமும் வாழும் இடமாயிற்று. இன்று நாமோ ‘குடோன்’ என்கிறோம். நம் வீட்டுப் பிள்ளை வெளிநாடு போய் அயலான் உடையில் திரும்பி வந்தால் அடையாளம் தெரியாமல் நிற்பதைப் போன்றது இது.

மூன்றாவது, ‘கிரானி’. வங்காளத்தில் ஆங்கிலம் எழுதும் எழுத்தரைக் குறித்த சொல். மலாயில் ‘கெரானி’ என்று வழங்குவதும், நம் தோட்டங்களில் ‘கிராணி’ என்று வழங்கியதும் இதனோடு தொடர்புடையவையே. கல்கத்தா அலுவலகத்தின் கடைநிலை எழுத்தர், மலாயாத் தோட்டத்துக்கு வந்ததும் பெரிய மனிதராகிவிட்டார். கங்காணியே கைகட்டி நிற்கும் கிராணி!

கூலி: சொல்லுக்கு நேர்ந்த கதி

இனி, என் மனத்தை மிகவும் வருத்திய சொல்லுக்கு வருகிறேன்.

‘கூலி’ என்னும் சொல் திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தில், 619ஆம் குறளில் இடம்பெறுகிறது. நாம் அனைவரும் மாணவர்க்கு மனப்பாடம் செய்விக்கும் குறள் அது. அங்கே கூலி என்பது உழைப்பின் பயன். முயன்றவனுக்கு உரிய ஊதியம். தெய்வமே கைவிட்டாலும் கைவிடாத ஒன்று. அத்துணை உயர்ந்த சொல்.

ஆங்கிலத்தில் ‘கூலி’ என்பது ஊதியமன்று, ஆள். சுமை தூக்கும் ஆள். கப்பலில் எண்ணிக்கையாக ஏற்றப்பட்ட ஆள். ஆப்சன் ஜாப்சன் இச்சொல்லை ஆராய்கிறது. குஜராத்துப் பகுதியின் ‘கோலி’ என்னும் மக்களின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பதே யூல் கூடுதலாகச் சாய்ந்த கருத்து. ஆனால் தமிழில் ஊதியத்தைக் குறிக்கும் கூலி என்னும் சொல் இருப்பதால் சிக்கல் ஏற்படுகிறது என்றும் ஒப்புக்கொள்கிறது. ஆய்வாளரிடையே இன்றும் ஒருமித்த முடிவில்லை. பிறப்பு எதுவாயினும் நிகழ்ந்தது இதுதான்: கொடுக்க வேண்டிய ஊதியத்தின் பெயரை மனிதனின் நெற்றியில் ஒட்டினார்கள், ஊதியமோ குறைந்துகொண்டே போயிற்று.

மலாயாவுக்கு ஒப்பந்தத்தின்பேரில் வந்தவர்களை நம் முன்னோர் ‘சஞ்சிக்கூலி’ என்றனர். மலாயில் ‘ஜன்ஜி’ என்றால் வாக்குறுதி, உடன்பாடு. அச்சொல்லே ‘சஞ்சி’ ஆயிற்று என்பர். அம்முறை 1910இல் நிறுத்தப்பட்டது. அதனோடு கங்காணி முறையும் நெடுங்காலம் நடந்தது. 1938இல் இந்திய அரசு உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்கு வருவதைத் தடை செய்தது. வாக்குறுதி என்னும் சொல்லும் ஊதியம் என்னும் சொல்லும் சேர்ந்து ‘சஞ்சிக்கூலி’. எழுத்தெண்ணிப் பொருள் கொண்டால் ‘வாக்களிக்கப்பட்ட ஊதியம்’ என்று ஆக வேண்டும். அது மனிதரின் பெயரானது எப்படி? இதைவிடக் கசப்பான வரலாற்றுப் பாடத்தை இரண்டு சொற்களில் நான் கண்டதில்லை.

‘கெலிங்’ என்னும் சொல்லுக்கும் இதே கதிதான். ஆப்சன் ஜாப்சனில் ‘கிளிங்’ என்று இடம்பெற்றிருக்கிறது. கலிங்கம் என்னும் நாட்டுப் பெயரிலிருந்து வந்து, மலாய் உலகில் இந்தியரைக் குறித்த சொல் இது. பழைய மலாய் இலக்கியங்களில் இதில் இழிவு இல்லை. பினாங்கில் 1801இல் நிறுவப்பட்ட கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இன்றும் அப்பெயரோடு சிறந்து விளங்குகிறது. காலப்போக்கில் அதே சொல் வசைச்சொல்லாயிற்று. சிங்கப்பூரின் கிளிங் தெரு 1920களின் தொடக்கத்தில் சூலியா தெரு என்று பெயர் மாறியது. எழுத்து மாறவில்லை, ஒலி மாறவில்லை. சொன்னவர் குரல் மாறியது. அகரமுதலியால் குரலைப் பதிவு செய்ய முடிவதில்லை. அதனால்தான் பொருள் எழுதுபவர் யார் என்னும் கேள்வி முதன்மை பெறுகிறது.

“இங்கே வா” என்றொரு நூல்

19ஆம் நூற்றாண்டில் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த இளம் ஆங்கிலத் துரைமார்களுக்காகத் தமிழ்க் கைந்நூல் ஒன்று கொழும்பில் வெளியானது. அதன் பெயர் ‘இங்கே வா’. சின்னத்துரையின் சட்டைப்பைக்கான தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைத்தலைப்பு. துரை கற்க வேண்டிய முதல் தமிழ் ஓர் ஏவல்! தொல்காப்பியம் பிறந்த மொழியில் அவர்களுக்குத் தேவைப்பட்டது அவ்வளவே.

நான் அவர்களைப் பழிக்க இதனைச் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தமக்குத் தேவையான சொற்களையே பதிவு செய்வர். துரைக்குத் தேவை கட்டளை. பயணிக்குத் தேவை வியப்பு. தஞ்சை நடுவருக்குத் தேவை சொல்லின் பிறப்பு. பால்மரம் வெட்டிய பெண்ணுக்கு எந்தச் சொல் தேவையாக இருந்தது? அதை எழுத அவருக்கு எழுத்து இல்லை. எழுத்துக் கற்ற அவர் பேத்தி எழுதினாள். நான் வட்டமிட்டேன்.

தமிழ் மரபு என்ன சொல்கிறது?

பேச்சுவழக்கைத் தள்ளுவதுதான் தமிழ்மரபு என்று நினைப்போர் உண்டு. தொல்காப்பியர் செய்யுளுக்குரிய சொற்களை நான்காக வகுத்தார்: இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல். பல நிலத்து மக்கள் தத்தம் குறிப்பில் வழங்கும் திசைச்சொல்லுக்கு அங்கே இடம் தந்திருக்கிறார். அதாவது, வட்டாரச் சொல் தமிழ் வீட்டின் திண்ணையில் நிற்கவில்லை; உள்ளே பாய் விரித்து அமர்ந்திருக்கிறது.

வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை இயற்றினார். அவரே மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கும் இலத்தீனில் இலக்கணம் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதைக் கவனியுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதி 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது.

பேச்சுவழக்குக்கென்றே தனியாக அகராதி செய்தவர் கரிசல் மண்ணின் எழுத்தாளர் கி. ராஜநாராயணன். பள்ளியில் நெடுநாள் படித்தவர் அல்லர். கோவில்பட்டிப் பக்கத்து உழவர்கள் பேசிய சொற்களைத் திரட்டிக் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை 1982இல் வெளியிட்டார். துரைக்காகவோ பயணிக்காகவோ செய்ததன்று. பேசிய மக்களுள் ஒருவரே அவர்கள் சொல்லுக்குப் பொருள் சொன்னார். 1991இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர், 2021இல் காலமானார். ஆப்சன் ஜாப்சனுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான். அது வெளியே நின்று எழுதியது. இது உள்ளே இருந்து எழுதியது.

நம் தோட்டத்துச் சொற்கள் சில

யூலிடமிருந்து துணிவையும் கி.ரா.விடமிருந்து உரிமையையும் கடன் வாங்கிக்கொண்டு நானும் சில சொற்களுக்குப் பொருள் எழுதிப் பார்க்கிறேன். இவை என் கருத்துகள்; திருத்தம் இருப்பின் மகிழ்வுடன் ஏற்பேன்.

லயம்: வரிசையாகக் கட்டிய தொழிலாளர் குடியிருப்பு. ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. இசையில் லயம் என்றால் தாள ஒழுங்கு. ஒரு வீட்டு அழுகை அடுத்த வீட்டுக்குக் கேட்கும்; ஒரு வீட்டுக் குழம்பு அடுத்த வீட்டுக்குப் போகும். அந்த ஒழுங்கும் ஒரு லயந்தான்.

காண்டா: தோளில் குறுக்கே வைத்து இருபுறமும் வாளி தொங்கவிட்டுச் சுமக்கும் கட்டை. மலாயில் ‘கண்டார்’. பினாங்கின் நாசி கண்டார் உணவுக்குப் பெயர் வந்ததும் இதே சுமைக்கட்டையால்தான். தமிழ் முசுலிம் வணிகர் சோற்றையும் கறியையும் இப்படித்தான் சுமந்து விற்றனர். நாசி கண்டார் என்று சொல்ல யாரும் கூச்சப்படுவதில்லை. காண்டா என்று சொல்ல மட்டும் ஏன் கூச்சம்?

ஒட்டுப்பால்: வெட்டிய கோட்டில் வழிந்து உறைந்துபோன பால். பின்னர் உரித்தெடுத்துச் சேர்ப்பார்கள். விலை குறைவு, ஆனால் வீணாக்க மாட்டார்கள். நம்மவர் சிக்கனத்தின் முதற்பாடம்.

ஆயாக்கொட்டகை: தாய் மரம் வெட்டப் போனபின் பிள்ளைகள் வளர்ந்த இடம். நம்மில் பலருடைய முதல் பள்ளி.

கித்தா: மலாய் ‘கெத்தா’, மரத்திலிருந்து வடியும் பால், பிசின். கியூ பூங்காவிலிருந்து 22 கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து, சில கோலகங்சாரில் நடப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவிய மரத்துக்கு நம்மவர் வைத்த பெயர். மரத்தின் இயல்பைச் சொல்லும் பெயர்.

ரப்பர்: நான் சிவப்பு மையால் எழுதிய சொல். இதன் பிறப்பைப் பின்னர்தான் அறிந்தேன். 1770இல் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், பென்சில் கோட்டை அழிக்க இப்பொருள் சிறப்பாகப் பயன்படுவதைக் குறிப்பிட்டார். தேய்த்து அழிப்பது என்பதே அச்சொல்லின் பொருள். மரத்தைப் பார்த்தவர் வைத்த பெயர் கித்தா. மரத்தையே பாராமல் மேசையில் அமர்ந்திருந்தவர் வைத்த பெயர் ரப்பர். ஒரு பாட்டியின் சொல்லை அழிப்பதற்கு ‘அழிப்பான்’ என்னும் சொல்லையே நான் பயன்படுத்தியிருக்கிறேன்!

பெரட்டு: இச்சொல்லுக்கு மட்டும் நான் பொருள் எழுதப் போவதில்லை. அந்த மாணவியின் தந்தையாரைச் சில நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்தேன். என் பிழையை ஒப்புக்கொண்டு, “பெரட்டு என்றால் என்னவென்று அம்மாவையே கேட்டுச் சொல்லுங்கள்” என்றேன். அவர் கேட்டுச் சொன்னது இது: “மூஞ்சி தெரியாத இருட்டுல பேர மட்டும் கூப்புடுறது.”

விடியுமுன் தொழிலாளர்களைத் திரட்டிப் பெயரழைத்து வேலை பிரித்துக் கொடுப்பது என்று நான் எழுதியிருப்பேன். ஆங்கிலப் ‘பரேடு’ என்பதன் திரிபு என்றும் சேர்த்திருப்பேன். எல்லாம் சரியாகவே இருந்திருக்கும். ஆனால் அந்த அம்மையார் சொன்னதன் பக்கத்தில் அது நிற்காது.

நாம் செய்யக்கூடியவை

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, கித்தா மரங்கள் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போன இடங்களில் வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன. சொற்களை வழங்கிய இடம் போனபின், வழங்கியவர் வாய் மட்டுமே எஞ்சியிருக்கிறது. அதுவும் நெடுநாள் இராது.

தேர்வுக் கட்டுரையில் எழுத்துத்தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. எங்கே எந்த நடை பொருந்தும் என்று கற்பிப்பது நம் கடமை. ஆனால் ‘இங்கே பொருந்தாது’ என்பது வேறு. ‘இது தவறு’ என்பது வேறு. சிவப்பு வட்டம் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது.

அந்நிகழ்வுக்குப் பிறகு என் வகுப்பில் ஒரு பழக்கம் கொண்டுவந்தேன். ஒவ்வொரு மாணவரும் ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருப்பர். வாரம் ஒரு சொல். வீட்டிலுள்ள முதியவரிடம் கேட்டு, அவர் சொன்ன பொருளை அவர் சொன்னபடியே எழுத வேண்டும். அதன் கீழே எழுத்துத்தமிழில் தம் சொந்தப் பொருளை எழுத வேண்டும். அக்குறிப்பேட்டை நான் படிப்பேன், பச்சை மையால் ஒப்பமிடுவேன், திருத்த மாட்டேன். தாத்தா பாட்டி இல்லாத பிள்ளைகள் தங்கள் விளையாட்டுச் சொற்களை எழுதலாம். கோலி விளையாட்டில் தொடங்கிக் கைப்பேசி விளையாட்டுவரை அவர்கள் எழுதும் பொருள்களில் ஜான்சனின் குறும்பு இருக்கிறது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவு உங்கள் வீட்டு முதியவரிடம் ஒரு சொல்லைக் கேளுங்கள். பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு கேளுங்கள். அந்தச் சொல்லுக்கு அவர் சொல்லும் பொருள் எந்த அகரமுதலியிலும் இராது. எழுதி வைத்தால் மட்டுமே இருக்கும்.

அந்த மாணவியின் பாட்டி இப்பொழுது இல்லை. அவர் சொன்ன பொருள் என் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் இருக்கிறது. அதற்கு மேலே நான் எந்தத் திருத்தமும் எழுதவில்லை.